தமிழில் சொல்லிப் பார்

மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
2 ஜூலை 1899

பிரியமுள்ள ஜெயசீலிக்கு,

லூயிசா எழுதுவது. தேவ தயவால் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் இருமல் நின்றதா? பனங்கற்கண்டு தீர்ந்திருக்கும், வாங்கினாயா? ஊர் வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. முதலில் நீ எழுதுவாய் என்று நானும், நான் எழுதுவேன் என்று நீயும் இருந்தால் தபால்காரருக்குத்தான் ஓய்வு.

அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தார் என்று உனக்குத் தெரியும். மேலேயிருந்து ஒரு பாறை பெயர்ந்து இடுப்பில் விழுந்திருக்கிறது. உயிர் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கோபம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் ஊசியால் அவர் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். "இன்னாம்மா, குத்துறியா, இல்ல சும்மா உக்காந்துகினு கீறியா?" என்று கேட்டார். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். போன வருஷம் நீயும் நானும் முதுகெலும்பைப் படம் போட்டுப் படித்தோமே, அந்தப் படம் கண்ணெதிரே வந்து நின்றது. எந்த இடத்தில் நரம்பு அறுந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன?

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. தங்கை பியாட்ரிசுக்குப் பதின்மூன்று வயது. என்னை விட்டால் ஆள் இல்லை. கம்பெனி ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை கேட்டேன், டாக்டர் துரை கொடுத்தார். காயம் கழுவுகிறேன், கட்டுப் போடுகிறேன். சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையை இங்கே லைன் என்பார்கள்; லைனில் இருக்கிற பெண்கள் அதற்குள் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கூசுகிறது.

படிப்பு போயிற்று என்று நினைத்துவிடாதே. ஜனவரிக்குள் இங்கே ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்துவிடுவேன். அதுவரை நீ எழுதி அனுப்புகிற குறிப்புகள்தான் எனக்குக் கல்லூரி.

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் என்னால் இருக்க முடியவில்லை. மூன்று வருஷமாக அந்த நேரத்தில் விடுதியின் பின்படியில் உட்கார்ந்து, "சரி, தமிழில் சொல்லிப் பார்" என்பாய். பேராசிரியர் இங்கிலீஷில் சொன்னது மணி மணியாக மனப்பாடம் இருக்கும், தமிழில் சொல்லப் போனால் நாக்கு நின்றுவிடும். நின்ற இடம்தான் புரியாத இடம். திரும்பவும் புத்தகத்தைத் திறப்போம். இங்கே ஐந்து மணிக்குச் சங்கு ஊதுகிறது, ஷிப்டு மாறுகிறது, சுரங்கத்திலிருந்து மேலே ஏற்றி வருகிற கேஜ் கூண்டிலிருந்து ஆட்கள் சேறும் சகதியுமாக இறங்கி வருகிறார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

உடனே எழுது.

உன்
லூயிசா

*

சென்னை
16 ஜூலை 1899

என் லூயிசாவுக்கு ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது:

உன் கடிதத்தை ஐந்து தரம் படித்தேன். அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் ஒரு தரம்தான் படிக்க முடிந்தது. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன் என்று சொல்.

பனங்கற்கண்டு வாங்கவில்லை. நீ வாங்கித் தந்தால்தான் இருமல் நிற்கும்.

நான் இங்கே நன்றாக இல்லை, லூயிசா. சர்ஜரி வார்டுக்குப் போனால் எல்லாருக்கும் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். நீ பக்கத்தில் நின்று முழங்கையால் ஓர் இடி இடிப்பாயே, அது இல்லாமல் எனக்கு ரத்தத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. போன வாரம் ஒருவருக்குத் தோள் வீங்கியிருந்தது. எலும்பு முறிவா, மூட்டு விலகலா என்று என்னைக் கேட்டார்கள். புத்தகத்தில் இருக்கிற பத்து அடையாளங்களையும் ஒப்பித்தேன். "அதெல்லாம் சரி, இவருக்கு என்ன?" என்றார் பேராசிரியர். எனக்குத் தெரியவில்லை. ஆண்பிள்ளைகள் முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள்.

வகுப்பில் பெண்கள் மூன்று பேராக இருந்தோம், இப்போது நானும் பார்வதம்மாவும்தான். பெல்லாரிப் பக்கத்துக்காரி, ஞாபகம் இருக்கிறதா? தலையைக் குனிந்துகொண்டே எழுதுவாளே, அவள்தான். நேற்று என்னிடம் வந்து, "நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் உக்காந்து ஏமி பேசுவீங்க?" என்று பாதி தெலுங்கில் கேட்டாள். எதையோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். உன் இடத்தில் வந்து உட்காரப் பார்க்கிறாளோ என்று கோபமாக வந்தது. தப்புதான், தெரியும்.

குறிப்புகள் இதோடு இருக்கின்றன. ஜனவரி சீக்கிரம் வரட்டும்.

உன்
ஜெயசீலி

*

மாரிக்குப்பம்
10 செப்டம்பர் 1899

அன்புள்ள ஜெயசீலி,

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். "அந்தத் திருநெல்வேலிப் பொண்ணு ஒருநாள் வந்து கோலாரு ராகி களி சாப்ட்டுப் போகட்டும்" என்கிறார். படுக்கையில் புண் வராமல் இருக்கத் தினமும் ஆறு தரம் புரட்டிப் போடுகிறேன். பியாட்ரிசும் கற்றுக்கொண்டாள்.

முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் வருவோம். புத்தகத்தை மூடி வை. இங்கே வாரத்துக்கு நாலு பேர் இதோடு வருகிறார்கள், அவர்களிடம் நான் படித்ததைச் சொல்கிறேன். முறிந்திருந்தால், அசையக் கூடாத இடத்தில் அசையும். மூட்டு விலகியிருந்தால், அசைய வேண்டிய இடத்தில் அசையாது. முறிந்ததை இழுத்து நேராக்கிக் கையை எடுத்தால் மறுபடி கோணிக்கொள்ளும். விலகியதை இழுத்து உட்கார வைத்தால், 'டொக்' என்று உட்கார்ந்து அப்படியே நிற்கும். இரண்டு கையையும் வைத்து இந்த இரண்டைக் கேள். மற்ற எட்டு அடையாளமும் பிறகு தானாக வந்து நிற்கும். இப்போது நீ இதைப் பார்வதம்மாவுக்குச் சொல்.

ஆமாம், பார்வதம்மாவுக்குத்தான். என் இடத்தில் அவளை உட்கார வை. அது பட்டா போட்ட இடமா? எனக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் நீ அனாட்டமி கற்றுக்கொண்டாய், அதை மறந்துவிடாதே. முதல் வருஷம் நான் மக்காக இருந்ததால்தான் உனக்கு மெடல் வந்தது!

ஒன்று கேட்க வேண்டும். பிரசவ பாடம் கடைசி வருஷத்தில்தான் வருகிறது, நான் அதற்கு முன்பே வந்துவிட்டேன். இங்கே பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. ஆம்பளை டாக்டர் தொடக் கூடாது என்கிறார்கள். லைன் மருத்துவச்சி கை விரித்துவிட்டால் என்னிடம் ஓடி வருகிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். அந்தக் குறிப்புகளை மட்டும் விரிவாக எழுதி அனுப்பு. வலி நின்றுபோனால் என்ன செய்வது, குழந்தை குறுக்கே இருந்தால் என்ன, ரத்தம் நிற்காவிட்டால் என்ன, எல்லாம் வேண்டும்.

உன்
லூயிசா

*

சென்னை
5 அக்டோபர் 1899

என் கண்ணே லூயிசா,

நேற்று வார்டில் ஒரு முழங்கை. இரண்டு கையையும் வைத்தேன், உன் இரண்டு கேள்வியைக் கேட்டேன், "விலகல்" என்றேன். சரி என்றார் பேராசிரியர்! நீ தங்கவயலில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே என்னை முழங்கையால் இடித்துவிட்டாய்.

இதை வகுப்பில் உட்கார்ந்தே எழுதுகிறேன். பிரசவ பாடம்தான் நடக்கிறது. கடைசி பெஞ்சு, முன்னால் ஒரு தடித்த பையன், நான் எழுதுவது யாருக்கும் தெரியாது. முன்னால் ஏதோ மருந்தின் பெயர் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே மழை. போன வருஷம் இதே மழையில் நாம் இரண்டு பேரும் ஒரு குடையில் நனைந்து வந்து, ஈரப் புடவையோடு இதயத்தின் நாலு அறையையும் தமிழில் சொல்லிச் சிரித்தோமே. 'நடுக்கூடம், பின்கட்டு' என்று நீ பெயர் வைத்தாய். எனக்கு இங்கே பேச ஆள் இல்லை. பேசுகிறேன், பேசாமல் இல்லை. ஆனால் புரியவில்லை என்று வாய் திறந்து சொல்ல ஆள் இல்லை.

பார்வதம்மாவை உட்கார வைக்கச் சொல்லாதே. அந்தப் படி உனக்காகக் காலியாக இருக்கட்டும்.

நீ கேட்ட பிரசவக் குறிப்புகளை, இன்றைய பாடத்தையும் சேர்த்து, நாற்பது பக்கம் எழுதி அனுப்புகிறேன். இரண்டு நாளாக எழுதியதில் கை வலிக்கிறது. உனக்காக என்றால் எனக்குக் கை வலிப்பதுகூடச் சந்தோஷம்.

உன்
ஜெயசீலி

*

மாரிக்குப்பம்
23 நவம்பர் 1899

ஜெயசீலி,

எனக்கு ஒரு விவரம் உடனே வேண்டும்.

எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் முனியப்பன் என்பவர் இருக்கிறார், பாறை துளைக்கிற வேலை. அவர் மனைவி பாப்பம்மா. பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். செவ்வாய்க்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் தொடங்கிய வலி தளர்ந்து நின்றுவிட்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டு, "என்னால ஆவாதும்மா" என்று எழுந்து போய்விட்டாள். டாக்டர் துரையைக் கூப்பிடலாம் என்றேன். பாப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாணாங்கா, நீயே பாரு, உனுக்குத் தெரியும்" என்றாள்.

உன் குறிப்பைத் திறந்தேன். 'வலி தளர்ந்து கருப்பை ஓய்ந்து நின்றால் எர்காட் மருந்து அரை டிராம் கொடுக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்து கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் வலி வந்தது. வந்த வலி விடவில்லை. விட்டு விட்டு வர வேண்டிய வலி, மூடிய கை போல இறுக்கிப் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. மத்தியானம் குழந்தை பிறந்தது. நீலமாக இருந்தது. அரை மணி நேரம் மூச்சு ஊட்டிப் பார்த்தேன். பெண் குழந்தை. தாய் பிழைத்துக்கொண்டாள்.

அந்த மருந்து குழந்தை பிறப்பதற்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா? குறிப்பில் அது இல்லை. நீ எதிரில் இருந்து சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். 'முன்னாலா, பின்னாலா, ஏன்?' என்று கேட்காமல் உன்னை எழுந்திருக்க விட்டிருப்பேனா? காகிதத்தில் இருந்ததால் கேட்கவில்லை. உன் கையெழுத்து என்பதால் நம்பினேன்.

பதில் எழுது.

லூயிசா

*

மாரிக்குப்பம்
18 டிசம்பர் 1899

ஜெயசீலி,

உன் பதில் வரவில்லை. டாக்டர் துரையிடமே கேட்டேன். குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்த பிறகு, ரத்தப்போக்கு நிற்க அதைக் கொடுப்பார்களாம். வயிற்றில் குழந்தை இருக்கும்போது கொடுத்தால் அதற்கு மூச்சு கிடைக்காமல் போகும் என்றார். அவ்வளவு நேரம் நின்றுபோன பிரசவத்தில் மருந்து இல்லாமலே குழந்தை போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் எனக்கு அதில் ஆறுதல் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கிறிஸ்துமஸ். உன்னைத் திட்ட நான் எழுதவில்லை. நீ ஏன் பேசாமல் இருக்கிறாய் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

லூயிசா

*

சென்னை
4 ஜனவரி 1900

லூயிசா,

உன் நவம்பர் கடிதம் வந்த அன்றே தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும். ஏழு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

அந்த வரி நான் கேட்டு எழுதியது இல்லை. அந்த மருந்தைப் பற்றிப் பாடம் நடந்தபோது நான் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். மழையைப் பற்றியும் குடையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். 'கருப்பை ஓய்ந்து நின்றால்' என்பது காதில் விழுந்தது, 'அரை டிராம்' என்பது காதில் விழுந்தது. அதற்கு முன்னால் சொன்னது விழவில்லை. இரண்டு துண்டையும் நானே சேர்த்து, தெரிந்தவள் போல அழகாக எழுதி உனக்கு அனுப்பினேன்.

'இந்த இடம் எனக்குத் தெரியாது' என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். படியில் உட்கார்ந்திருந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் உன்னிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. காகிதத்தில் சொல்ல வெட்கமாக இருந்தது. நீ அங்கே கஷ்டப்படுகிறாய், நான் இங்கே உட்கார்ந்து படிக்கிறேன், குறிப்புக்கூட ஒழுங்காக அனுப்பாவிட்டால் நான் உனக்கு எதற்கு என்று நினைத்தேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பார்வதம்மா அன்றைக்கு என்னிடமிருந்து இரண்டு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். உன் கடிதம் வந்த பிறகு அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'பிள்ளை பிறந்த பின் மட்டுமே' என்று தெலுங்கில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். அவளோடு ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடுகள் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். காலியாக வைத்தேனே உன் இடத்தை, அதனால் வந்தது.

மன்னிப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜெயசீலி

*

மாரிக்குப்பம்
25 பிப்ரவரி 1900

அன்புள்ள ஜெயசீலி,

உன் கடிதம் வந்து நாற்பது நாளைக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்தது உன்னைத் தண்டிக்க இல்லை. என்னிடம் எழுத ஒன்றும் இல்லை.

பாப்பம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அது முன்னால கொடுக்கக் கூடாத மருந்து. தெரியாம கொடுத்துட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டாள். மூன்று வாரமாகத் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் லைனில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இன்னும் எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் போவதில்லை. முழுதாகக் கற்றுக்கொள்ளாமல் இனி ஒரு பிரசவத்துக்கும் போகமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். போன வாரம் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. அவளும் கஷ்டப்பட்டாள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாப்பம்மாவிடம் உன் பெயரை நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைக்காதே. அது நீ சொல்ல வேண்டியது.

ஜனவரி போய்விட்டது, நான் வரவில்லை என்பதை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பாவை விட்டு வர வழி இல்லை. இனிமேல் குறிப்பு அனுப்ப வேண்டாம். பரீட்சை முடிகிறவரை கடிதமும் எழுதாதே. பார்வதம்மாவோடு உட்கார். எனக்காக ஒன்று செய்ய நினைத்தால் அதைச் செய்.

ஐந்து மணிச் சங்கு ஊதுகிறது. இன்னும் அந்த நேரத்தில் உன் குரலுக்காகக் காது வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஜெயசீலி. கோபத்திலும் அது நிற்கவில்லை.

லூயிசா

*

சென்னை
3 ஜூன் 1900

அன்பு லூயிசாவுக்கு,

நீ சொன்னபடி மூன்று மாதமாக எழுதவில்லை. எழுதாத நாளெல்லாம் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன், அதை நீ தடுக்க முடியாது.

பரீட்சை தேறிவிட்டேன். பிரசவ பாடத்தில் பார்வதம்மா முதல், நான் மூன்றாவது. வாய்மொழிப் பரீட்சையில் என்னை எர்காட்டைப் பற்றியே கேட்டார்கள். பதில் சொன்னேன்.

பார்வதம்மாவோடு தினமும் உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு பேரும் நோட்டைப் புரட்டிக்கொண்டே அரை மணி நேரம் போயிற்று. பிறகு நான் உன்னைப் பற்றியும், அந்த வரியைப் பற்றியும் அவளிடம் சொன்னேன். அவள் கண் கலங்கி, "நானும் மூணு வருஷமா ஒண்ணும் அர்த்தமாகலேன்னா யாரைக் கேக்குறதுன்னு தெரியாம ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணேன் ஜெயசீலி" என்றாள். நாம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த படியை அவள் மூன்று வருஷம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். நமக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே, வா என்று கூப்பிட! அவள் தெலுங்கில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். இரண்டிலும் நாக்கு நிற்கவில்லை என்றால்தான் அடுத்த பக்கம். இப்போது கீழ் வகுப்புப் பெண்கள் நாலு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், படியில் இடம் போதவில்லை.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பாய். உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் துரைக்கு விண்ணப்பம் போட்டேன். பெண்களைப் பார்க்க ஒரு பெண் உதவி டாக்டர் வேண்டும் என்று அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒரு வருஷத்துக்கு என்னை எடுத்துக்கொண்டார். நான் உன் வீட்டில் தங்குகிறேன், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு தரம் புரட்டிப் போட எனக்கும் கை இருக்கிறது. நீ இங்கே வந்து கடைசி வருஷத்தை முடி. கல்லூரியில் விசாரித்துவிட்டேன், உன் பெயரை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். பார்வதம்மா இங்கேயே பிரசவ ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சாயங்காலம் உனக்காக வருவாள்.

நாம் ஒரே இடத்தில் இருக்கப்போவதில்லை, அது மட்டும்தான் இதில் குறை. நான் வந்தால் நீ போவாய்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது.

ஜெயசீலி

*

மாரிக்குப்பம்
14 ஜூன் 1900

ஜெயசீலி,

கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பாமலே, "அந்தப் பொண்ணுக்கு ராகி களி ஒத்துக்குமா?" என்று கேட்டார்.

சரி.

உன் வண்டி, ரயில் மாறுகிற பங்காருபேட்டைக்குப் பத்து மணிக்கு வரும். என் வண்டி பத்தே முக்காலுக்கு. நான் பிளாட்பாரத்தில் நிற்பேன்.

லூயிசா

*

மாரிக்குப்பம்
12 ஆகஸ்ட் 1900

என் லூயிசா,

பங்காருபேட்டை ஸ்டேஷனில் நமக்கு நாற்பத்தைந்து நிமிஷம் கிடைத்தது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் பேச நினைத்தேன். நீ அப்பாவின் மருந்து, அடுப்பங்கரைச் சாவி, பியாட்ரிசின் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாய். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். மெலிந்துபோயிருந்தாய். வண்டி நகர்ந்த பிறகுதான், உன் முகத்தை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. இங்கே உன் பாயில் படுக்கிறேன், உன் சொம்பில் தண்ணீர் குடிக்கிறேன். நீ இருந்த இடத்திலெல்லாம் இருக்கிறேன், நீ மட்டும் இல்லை.

அப்பா சௌக்கியம். முதுகில் இருந்த புண் ஆறிவிட்டது. என்னை உன்னைவிட அதிகமாகத் திட்டுகிறார், அதனால் பிடித்துப்போய்விட்டது என்று பியாட்ரிஸ் சொல்கிறாள். இந்த மாதம் ஐந்து பிரசவம் பார்த்தேன், மூன்று பேர் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். எல்லாரும் நலம். உன் கடிதம் பார்த்தேன், பார்வதம்மாவிடம் உனக்குத் தினமும் திட்டு விழுவது தெரிந்தது. நல்லது.

இன்று கோயில் ஆராதனை முடிந்து, பாப்பம்மா வீட்டுக்குப் போனேன். வந்து ஒன்றரை மாதம் ஆகியும் எனக்குக் கால் வரவில்லை. இன்று போனேன்.

வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்தேன். "லூயிசா ஒங்ககிட்ட பாதிதான் சொல்லியிருக்கா. அந்த மருந்த எப்பக் கொடுக்கணும்னு தப்பா எழுதி அனுப்புனது நான்தான். எனக்கே தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. கொட்டையை ஒரு பக்கம், புளியை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"நீயும் வந்துட்டியா?" என்றாள். "அந்தம்மா வந்து சொல்லிட்டு அழுதிச்சு. நீயும் அழப் போறியா? அழுவுறதுன்னா வூட்ல போய் அழு. ரெண்டு பேரும் எங்கிட்ட வந்து அழுதா, நான் ரெண்டு பேரையும் தேத்தணும். எனுக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

நான் அழவில்லை, லூயிசா. பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகவும் முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அவள் மடியில் இருந்த முறத்திலிருந்து நானும் ஒரு கை எடுத்து ஆய ஆரம்பித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

புளி முடிகிற சமயம் அவளே பேசினாள்.

"கொழந்த போச்சு, கொழந்த போச்சுன்னு எல்லாரும் சொன்னீங்க. மருந்து தப்புன்னு அந்தம்மா சொல்லிச்சு, குறிப்பு தப்புன்னு நீ சொல்ற. அதுக்கு நான் ஒரு பேரு வெச்சிருந்தேன். ஏழாவது மாசத்துலயே வெச்சுட்டேன். இன்னிக்கு வரிக்கும் ஒருத்தரும் கேக்கல. எம்புருசனும் கேக்கல."

முறத்தைக் கீழே வைத்தாள். என்னை அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

"நீ கேளேன்."

"இன்னா பேரு வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

சொன்னாள். அவள் அம்மாவின் பெயராம். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "மெட்ராசுல கீற அந்தம்மாவுக்கும் எழுதிப் போடு" என்றாள். எழுந்து உள்ளே போனாள். இந்தத் தடவை தட்டியைச் சாத்தவில்லை.

அதனால்தான் மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குழந்தையின் பெயர் ரத்தினம்மா.

உன்
ஜெயசீலி